கையைப் பார்த்தவர்

பந்து எங்கே போனது என்று அவர் பார்த்ததே இல்லை.

கோல்ஃப் சொல்லிக்கொடுத்த ஒருவரைப் பற்றி இப்படிச் சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். ஆனால் அதுதான் உண்மை. நாம் மட்டையை வீசுவோம், பந்து பறக்கும், நம் கண்ணும் அதன் பின்னாலேயே போகும். நல்ல அடி என்று தோன்றினால் பாராட்டுக்காக அவர் பக்கம் திரும்புவோம். அவர் நமக்கு எதிரே நாலைந்து அடி தள்ளிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பந்து இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு எழுந்து, கால்சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு "சரி" என்பார். இல்லாவிட்டால் "நின்னுடுச்சு" என்பார். மூன்றாவது தீர்ப்பு அவரிடம் கிடையாது.

நின்றது எது என்றால், கை. வலக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு, மட்டை பந்தைத் தொடுகிற நேரத்தில் இடது கைதான் முன்னே போகவேண்டும். கை பந்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும்போது மட்டையின் தலை பின்னாலிருந்து வந்து சேரவேண்டும். பெரும்பாலானவர்களுக்கு நடப்பது இதற்கு நேர்மாறு. பந்து நெருங்கியதும் இடது கை தயங்கி நின்றுவிடும். வலது கை அதைத் தள்ளிக்கொண்டு பாயும். இடது மணிக்கட்டு புறங்கைப் பக்கமாக மடங்கிவிடும். மட்டை கையை முந்திக்கொள்ளும். பந்து தரையோடு உருளும், அல்லது செங்குத்தாகக் கிளம்பிக் கண்ணெதிரிலேயே விழும். இத்தனையும் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். எங்களுக்கு ஒரே வீச்சாகத் தெரிந்ததை அவர் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தார்.

"நந்தி ஆத்துல பொடவ தோய்க்கறவங்கள பாத்துருக்கீங்களா மேடம்?" என்று என்னிடம் கேட்டார், முதல் வாரத்தில். "கை மொதல்ல கீழ வந்துடும். பொடவ அப்பறம்தான் வரும். கை நின்னு, பொடவ முன்னாடி வந்துச்சின்னா மூஞ்சிலதான் அடிச்சிக்கும். இதுவும் அதேதாங்க. ஒண்ணும் பெரிய வித்த இல்ல."

திருத்தணியிலிருந்து கனகம்மாசத்திரம் போகிற சாலையில், ஒரு மனைப்பிரிவின் பின்பக்கம் அந்தப் பயிற்சித் திடல் இருந்தது. மனை விற்பதற்காகப் போட்ட திடல். மனைகள் மெதுவாகவே விற்றன, திடலுக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள். நின்று அடிக்கப் பத்துப் பதினைந்து பாய்கள், தூரம் காட்ட ஐம்பது, நூறு, நூற்றைம்பது கெஜம் என்று எழுதிய பலகைகள், சுற்றிலும் கம்பிவேலி. பாயில் நின்றபடி வலப்பக்கம் திரும்பினால் மலையும் கோபுரமும் தெரியும். அரக்கோணத்துக் கடற்படை அதிகாரிகள் வருவார்கள். தொழிற்சாலை மேலாளர்கள் வருவார்கள். திருப்பதிக்குப் போகிற சென்னைக்காரர்கள் வண்டியை ஓரம் கட்டிவிட்டு அரைமணி நேரம் அடித்துவிட்டுப் போவார்கள். எல்லோரும் அவரை மாஸ்டர் என்றே கூப்பிட்டார்கள்.

நான் பார்த்தபோது அவருக்கு முப்பத்தெட்டு வயது இருக்கும். ஒல்லியான ஆள். சொந்த ஊர் அம்மையார்குப்பம். அண்ணன் அங்கே விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தார். இவருக்குத் தறி சரிப்படவில்லை. சென்னைக்குப் போய், ஒரு கோல்ஃப் கிளப்பில் ஆட்டக்காரர்களின் பையைச் சுமக்கும் வேலையில் சேர்ந்து, பார்த்துப் பார்த்தே ஆடக் கற்று, கடைசியில் சொல்லிக்கொடுக்கிறவரானார். இடது கை மட்டும் எந்நேரமும் கையுறைக்குள் இருந்து வெளுத்துக் கிடக்கும். இரண்டு கைகளையும் சேர்த்து வைத்தால் வேறு வேறு ஆட்களுடையவை போலிருக்கும்.

அவருடைய பேச்சு சிலருக்குப் பிடிக்காது. ஒரு கடற்படை அதிகாரி அடித்த பந்து நூற்றைம்பது பலகையைத் தாண்டி நேராகப் போய் விழுந்தது. பக்கத்துப் பாய்களில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். மாஸ்டர் எழுந்து, "நின்னுடுச்சு சார்," என்றார்.

"பந்தைப் பார்த்தீங்களா இல்லையா?" என்றார் அதிகாரி.

"பாக்கல சார். கை நின்னுச்சு. பந்து நல்லா போயிருந்தா அது ஒங்க அதிர்ஷ்டம்."

அதிகாரி அன்று அவரோடு பேசவில்லை. ஆனால் ஒரு மார்கழிக் காலையில் அந்த மனிதரின் மனம் மாறியது. அன்று பனிமூட்டம் எங்களுக்கு முன்னால் இருபதடிக்கு மேல் எதையும் காட்டவில்லை. அடித்த பந்து பனிக்குள் போய் மறைந்தது, எங்கே விழுந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. அடிப்பதை நிறுத்திவிடலாம் என்று எல்லோரும் உட்கார்ந்துவிட்டோம். மாஸ்டர் மட்டும், "அடிங்க சார், நான் சொல்றேன்," என்றார்.

அதிகாரி பந்துகளில் பேனாவால் எண் போட்டு ஒவ்வொன்றாக அடித்தார். மாஸ்டர் அவருடைய கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இது எடது பக்கம், வேலியாண்ட. இது நூறு போர்டுக்கு இப்பால. இது நேரா, ஆனா ஒசரமா போயி பொத்துனு வுழுந்துருக்கும்." பந்து பொறுக்குகிற அம்மா பனிக்குள் நடந்துபோய், அங்கிருந்தே குரல் கொடுத்தாள். "ஆங், கெடச்சிது. இதுவும் கெடச்சிது." ஒன்றிரண்டைத் தவிர எல்லாமே அவர் சொன்ன இடத்தில் இருந்தன.

"எப்படி மாஸ்டர்?" என்று அதிகாரி கேட்டார்.

"பை தூக்கிக்கினு இருந்தப்ப பந்த தேடி எடுக்கறதுதான் சார் எங்க வேல. மத்தவங்க மேல பாத்துக்கினு ஓடுவாங்க. வெயிலு கண்ண கூசும், வுட்டுடுவாங்க. நான் கைய பாத்துட்டு நேரா போயி எடுத்துக்கினு வருவேன். பந்து எங்க போவணும்னு கை அப்பவே சொல்லிடுது. அதுக்கப்பறம் பந்த பாத்து இன்னா ஆவப்போவுது?"

அதன்பின் அந்த அதிகாரி அவருடைய தீர்ப்புக்கு மறுபேச்சு பேசியதில்லை.

நான் அந்தத் திடலுக்குப் போனது விளையாட்டு ஆசையால் அல்ல. நான் பல் மருத்துவர். பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மாடியில் வீடு, கீழே சிகிச்சை அறை. ஒன்பது வருஷமாக நன்றாகவே நடத்திக்கொண்டிருந்தேன். மாஸ்டரைப் பார்ப்பதற்கு ஒரு வருஷம் முன்பு என் கையால் ஒரு தவறு நடந்தது. மலைக்கோயில் மடப்பள்ளியில் சமைக்கிற குடும்பத்துப் பெரியவர் ஒருவருக்குக் கீழ்ப்பல் எடுக்கும்போது, பல்லை நெம்புகிற கருவி வழுக்கி நாக்குக்கு அடியில் இறங்கிவிட்டது. நிறைய ரத்தம். நானே தையல் போட்டேன். இரண்டு வாரம் அவரால் சரியாகச் சாப்பிட முடியவில்லை. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "கை தவறுறதுதானேம்மா," என்றார். ஆனால் எனக்கு அது போகவில்லை. நெம்புகோலை எடுத்தாலே அந்த வழுக்கல் கைக்குள் வந்து நின்றது. எடுக்கக் கடினமான பல்லோடு வந்தவர்களை அரக்கோணத்து மருத்துவமனைக்கு எழுதி அனுப்ப ஆரம்பித்தேன். யாரிடமும் காரணம் சொல்லவில்லை. என்னிடம் பல வருஷமாக உதவிக்கு இருந்த கீதாக்காவுக்கு மட்டும் சொல்லாமலே தெரிந்திருந்தது.

அந்த நிலையில்தான் மாஸ்டர் வந்தார், பாதி அரித்துப்போன கீழ்க்கடைவாய்ப் பல்லோடு. எடுத்துவிடலாம் என்று துணிந்தேன். ஊசி போட்டேன். உதடு மரத்துப்போனதும் கருவியைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே வைத்தேன். வைத்ததும் அவர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"மேடம், ஒங்க கை கடைசில நின்னுடுது," என்றார், மரத்த உதட்டோடு குழறியபடி. "அத மொதல்ல சரி பண்ணிக்கோங்க. நான் பொறவு வரேன்."

நாற்காலியிலிருந்து இறங்கி, கழுத்தில் கட்டிய துணியை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஒரு வருஷமாகக் கீதாக்காவைத் தவிர யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்த ஒன்றை, முதல்முறை வந்த ஒரு மனிதர் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டார். கோபம் வந்தது. வெட்கமும் வந்தது. அவர் என்ன வேலை பார்க்கிறார் என்று கீதாக்கா விசாரித்துச் சொன்னாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை நான் திடலுக்குப் போய் அவர் முன்னால் நின்றேன்.

"கை நின்னுடுதுன்னு சொன்னீங்களே. எப்படி நிக்காம இருக்கறதுன்னு சொல்லிக்கொடுங்க," என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஏதோ சொல்ல வாய் திறந்து, மூடிக்கொண்டார். பிறகு ஒரு மட்டையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

வாரத்துக்கு மூன்று காலைகள் போனேன். பந்துக்கு நான்கு விரற்கடை முன்னால் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போடுவார். மட்டை பந்தைத் தொடுவதற்குள் என் இடது கை அந்தக் கோட்டைத் தாண்டியிருக்கவேண்டும். தாண்டிய பிறகு இரண்டு கையும் நீண்டு, வலது உள்ளங்கை இடது கையின் மேலே புரண்டு, இடப்பக்கம் நிற்கிற ஒருவரிடம் கை கொடுப்பதுபோல் போகவேண்டும். என் கை ஒருமுறைகூடக் கோட்டைத் தாண்டவில்லை. "நின்னுடுச்சு. மணிக்கட்ட மடக்காதீங்க. இறுக்கிப் புடிங்க. நின்னுடுச்சு." நானும் விடவில்லை. மணிக்கட்டை இறுக்கிக்கொண்டு அடித்தேன். கெட்டித் தரையில் விரித்த பாய், ஒவ்வொரு தவறான அடியும் கட்டைவிரல் வழியாக முழங்கைவரை ஏறியது. ஒரு மாதத்தில் இடது கட்டைவிரலின் அடியில் வலி தங்கிவிட்டது. நோயாளியின் கன்னத்தை விலக்கிப் பிடிக்க முடியவில்லை. ஒரு வாரம் சிகிச்சை அறையையே மூடவேண்டியிருந்தது.

கதவில் தொங்கிய அறிவிப்பைப் பார்த்துவிட்டு அவரே மாடிப்படி ஏறி வந்தார். நான் கட்டுப்போட்ட கையைக் காட்டினேன். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"தப்பு என்னுதுங்க மேடம்," என்றார். குரலில் தயக்கமே இல்லை. பந்தைப் பற்றித் தீர்ப்பு சொல்வதுபோலவே தன்னைப் பற்றியும் சொன்னார். "நீங்க பல்லு பாக்கும்போது எடது கை இன்னா பண்ணும், சொல்லுங்க."

"தாடையைப் பிடிச்சுக்கும். கன்னத்தை விலக்கிக்கும்."

"அசையுமா?"

"அசையக்கூடாது."

"அதாங்க. ஒம்போது வருஷமா அசையக்கூடாதுன்னு பழகின கை அது. அதப் போயி முன்னாடி ஓடு, ஓடுன்னு வெரட்டினேன் பாருங்க. அது ஒங்க தொழிலுக்கு நல்ல கை. என் தொழிலுக்குத்தான் ஆவாது. நான் அத பாத்துருக்கணும். பாக்கல."

வலி தீர்ந்து நான் மறுபடி போனபோது கோட்டை அழித்துவிட்டிருந்தார். மணிக்கட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "கைய மறந்துடுங்க. ஸ்டிக்க நெஞ்சுல கட்டி வச்சிருக்கறதா நெனச்சிக்கோங்க. நெஞ்சு திரும்பட்டும். கை கூடவே போவும். நிறுத்தணும்னு நெனச்சாலும் நிக்காது," என்றார். மூன்றாவது நாள் ஒரு பந்து, சத்தமே இல்லாமல், கையில் எந்த அதிர்வும் இல்லாமல் கிளம்பிப் போனது. அது நூறு பலகையைக்கூடத் தொடவில்லை. மாஸ்டர் எழுந்து, "சரி," என்றார். என் படிப்புக்கு வாங்கிய பட்டத்தைக்கூட அவ்வளவு சந்தோஷமாக நான் வாங்கியதில்லை.

ஆனால் பல் எடுக்கும் வேலைக்கு நான் திரும்பவில்லை. அதையும் இதையும் முடிச்சுப்போட எனக்குத் தைரியம் வரவில்லை. அவரும் தன் பல்லைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் நனைத்து வைத்துக்கொண்டு திரிந்தார்.

ஆடிக் கிருத்திகை வந்தது. பேருந்துகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். எங்கள் தெருமுழுக்கக் காவடியும் மஞ்சள் வேட்டியுமாகக் கூட்டம். நோயாளிகள் வர வழியில்லை. கீதாக்கா வாசலில் பானை வைத்து நீர்மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள். பதினொரு மணிக்கு அந்தக் கூட்டத்துக்குள்ளிருந்து மாஸ்டர் வந்தார், தாடையைச் சுற்றித் துண்டு கட்டியபடி. திடலிலிருந்து ஏழெட்டு மைல் நடந்தே வந்திருந்தார். மூன்று நாளாகத் தூங்கவில்லை என்பது கண்ணில் தெரிந்தது.

வாயைத் திறந்து பார்த்தேன். "வலிக்கு மாத்திரை தரேன் மாஸ்டர். நாளைக்கு அரக்கோணம் போங்க, நான் எழுதித் தரேன்," என்றேன்.

"நாளைக்குன்னா நான் போவ மாட்டேன் மேடம்."

"ஏன்?"

அவர் கீதாக்காவைப் பார்த்தார். "அவங்கள கொஞ்சம் வெளில இருக்கச் சொல்லுங்க."

"நான் வெளில போனா எச்சி உறிஞ்சற கொழாவ யாரு புடிக்கறது நைனா?" என்றாள் கீதாக்கா. "சொல்றத சொல்லு."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எனக்கு பல்லுன்னா பயங்க மேடம். சின்ன வயசுலேந்தே. அன்னிக்கு ஒங்க கை நிக்குதுன்னு சொன்னேன் இல்ல. ஒங்க கைய நான் பாக்கவே இல்ல. கண்ண மூடிக்கினு இருந்தேன். கம்பி பட்டதும் எறங்கி ஓடணும்னு இருந்துச்சு. தெனம் நூறு வாட்டி சொல்ற வார்த்த, அதுதான் வாய்ல வந்துச்சு. சொல்லிட்டு எறங்கிட்டேன்."

துண்டை மறுபடி தாடையில் கட்டிக்கொண்டே மேலே சொன்னார்.

"நீங்க நேரா திடலுக்கு வந்து நின்னதும் எனக்கு ஒண்ணும் ஓடல. கைய பாத்து சொல்றவன்னு பேரு வாங்கிட்டு, பாக்காம சொன்னேன்னு எப்டி மேடம் சொல்றது?"

மாதக்கணக்கில் காலை நேரங்கள், வீங்கிய கட்டைவிரல், மூடிய கதவு எல்லாம் நினைவுக்கு வந்தன. எனக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். சிரிப்புத்தான் வந்தது. கீதாக்கா மோர்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவரும் துண்டுக்குள்ளேயே சிரிக்கப் பார்த்து, வலியில் தாடையைப் பிடித்துக்கொண்டார்.

நாற்காலியில் ஏறச் சொன்னேன். ஏறினார். கருவித் தட்டு கண்ணில் படாமலிருக்க முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். பனிமூட்டத்தில் நின்று பந்துகளுக்கு இடம் சொன்ன மனிதர். நான் ஒரு வருஷத்துக்கும் மேலாக என் கையையே நினைத்துக்கொண்டிருந்தேன். நாற்காலியில் படுத்திருக்கிறவர்கள் எவ்வளவு பயந்திருப்பார்கள் என்பது எனக்கு அந்தக் காலத்தில் மறந்தேபோயிருந்தது. அவர் தோளில் கை வைத்தேன்.

"கண்ணை மூடிக்கோங்க மாஸ்டர். நான் பார்த்துக்கறேன்."

ஊசி போட்டுக் காத்திருந்தேன். உட்கார்ந்து செய்கிற வழக்கத்தை விட்டு எழுந்து நின்றேன். இடது கை தாடையைப் பிடித்தது. அது நிற்கவேண்டிய கை, நின்றது. வலது கையில் கருவி. பல் முதலில் அசையவில்லை. பிறகு மேல்பாதி உடைந்து வந்தது. வேர்களை இரண்டாகப் பிரிக்கவேண்டியிருந்தது. வெளியே அரோகரா சத்தம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவருடைய கை நாற்காலியின் பிடியை இறுக்கும்போதெல்லாம் நிறுத்தி, "வலிக்குதா?" என்று கேட்டேன். இல்லையென்று தலையசைத்தார். இரண்டாவது வேர் வெளியே வந்ததை நான் கவனிக்கவே இல்லை. கீதாக்காதான் தட்டில் விழுந்த சத்தம் கேட்டு, "தோ, வந்துடுச்சு," என்றாள்.

பஞ்சை வைத்துக் கடிக்கச் சொன்னேன். அவர் கண்ணைத் திறந்தார். ஓரங்கள் நனைந்திருந்தன. தட்டில் கிடந்த பல்லைப் பார்க்கிறீர்களா என்று கேட்டேன். வேண்டவே வேண்டாம் என்று இரண்டு கையையும் ஆட்டினார்.

அதற்கப்புறம் நான் யாரையும் அரக்கோணத்துக்கு எழுதி அனுப்பவில்லை. கோல்ஃப் என் கையைச் சரிசெய்ததா என்று தெரிந்தவர்கள் கேட்பதுண்டு. இல்லை என்றுதான் சொல்வேன். அந்த நாட்களில் என் கை உண்மையிலேயே தயங்கியதா, தயங்கும் என்று நான்தான் பயந்தேனா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்து சொல்லியிருக்கக்கூடிய ஒரே ஆள் அன்றைக்குக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் திடலுக்குப் போனேன். அவர் வழக்கம்போல் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். நான் அடித்தேன். "நின்னுடுச்சு மேடம்," என்றார், கொஞ்சமும் கூச்சமில்லாமல். இந்தமுறை பார்த்துத்தான் சொன்னார். நான் மறுபடி பந்தை வைத்தேன்.

ஒன்றரை வருஷத்தில் அந்த இடத்தையும் மனைகளாகப் பிரித்துவிட்டார்கள். மாஸ்டருக்குக் கோயம்புத்தூரில் ஒரு பெரிய கிளப்பில் வேலை கிடைத்தது. போகும்போது சொல்லிக்கொண்டு போனார். பிறகு பொங்கலுக்கு வாழ்த்து அனுப்புவார், அவ்வளவுதான். போன வருஷம் ஒருநாள் திடீரென்று தொலைபேசியில் கூப்பிட்டார். இந்தப் பக்கமும் ஒரு பல் வலிக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வரலாமா என்றார்.

"கோயம்புத்தூர்ல இல்லாத பல் டாக்டரா மாஸ்டர்? இதுக்காக அங்கேருந்து ரயில் ஏறி வரணுமா?" என்றேன்.

"நெறைய இருக்காங்க மேடம். என்னாண்டயே மூணு பேரு கத்துக்கறாங்க," என்றார். "அதாங்க. அவங்களாண்ட போயி எனக்கு பயமா இருக்குதுன்னு எப்டி சொல்றது?"

ஞாயிற்றுக்கிழமை காலை அரக்கோணத்தில் இறங்கி, அடுத்த மின்சார ரயிலைப் பிடித்துத் திருத்தணிக்கு வந்தார். தலை நரைத்திருந்தது, விலையுயர்ந்த சட்டை போட்டிருந்தார். கீதாக்கா வாசலுக்கே போய், "வா நைனா," என்று அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"கை சில்லுனு கெடக்குது மேடம்," என்றாள் என்னிடம்.

நான் மின்விசிறியை நிறுத்திவிட்டு, கை கழுவப் போனேன்.